விறைத்த கையும் ஒரு நேர்கோடும்

பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு மனநோய் வைத்தியம் என்பது எல்லை தாண்டிப் போய்ப் பார்க்கும் வைத்தியம். கேரள அரசின் பெரிய மனநல மருத்துவமனைகள் மூன்றும் திருவனந்தபுரம், திருச்சூர், கோழிக்கோட்டில் இருக்கின்றன. கொழிஞ்சாம்பாறைக்காரருக்குப் பொள்ளாச்சியும் கோவையும் கைக்கெட்டும் தூரம். மறையூர்க்காரர் சின்னாறு காட்டுவழியாக உடுமலைப்பேட்டைக்கு இறங்குவார். குமுளிக்காரருக்குக் கம்பமும் தேனியும். இந்த ஊர்களின் புறநோயாளிப் பிரிவில் உட்கார்ந்திருந்தால் ஒரு புகார் திரும்பத் திரும்பக் காதில் விழும். “மாத்திரை போட்டா காதுல கேக்கற சத்தம் நின்னுருதுங்க. ஆனா ஆளு வெறைச்சுப் போயிருதுங்க.” சொல்பவர் பெரும்பாலும் அம்மா. பின்னாலேயே இன்னொன்றும் வரும்: “அதனால நாங்களே நிறுத்திப் போட்டோம்.”

அந்த அம்மா முதலில் சொன்ன இரண்டும் உண்மை. சத்தம் நிற்பதும் ஆள் விறைப்பதும் மருந்தின் ஒரே வேலையால் வருகின்றன. இது எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்று தெரிந்தவர், மாத்திரையை நிறுத்துவதற்கு முன் டாக்டரிடம் வேறொரு கேள்வி கேட்பார்.

விறைப்பு என்றால் என்ன என்பதைக் கிட்டத்தில் பார்ப்போம். டாக்டர் அந்த அம்மா கூட்டிவந்த பையனின் முழங்கையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக மடக்கி நீட்டுகிறார். நல்ல கை தடையில்லாமல் வரும். இது கொஞ்சம் வரும், நிற்கும், விடும், மறுபடி நிற்கும். பல்பல்லாக மாட்டி விடுவது டாக்டரின் விரலுக்குத் தெரியும். மருத்துவப் புத்தகம் இதைப் பற்சக்கர விறைப்பு என்கிறது. நடக்கச் சொன்னால் கை வீசாது. கண் இமைப்பது குறைந்திருக்கும். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குப் பார்க்கின்சன் நோயில் வரும் அறிகுறிகள் இருபத்தைந்து வயது உடம்பில் நிற்கின்றன. கொடுத்த மருந்து ஹாலோபெரிடால். 1958-ல் பெல்ஜியத்தில் பால் ஜான்செனின் ஆய்வகத்தில் உருவானது. மலிவானது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இன்றும் இருக்கிறது.

மனக்குழப்பத்தைத் தணிக்கும் மருந்து கையை ஏன் விறைக்க வைக்கிறது? இதற்குத் தெளிவான விடை தந்தவர் டொரான்டோ பல்கலைக்கழகத்தின் பிலிப் சீமன். அவரிடம் போவதற்கு முன், இந்த எல்லை மலைகளுக்குப் பழக்கமான இரண்டு செடிகளைப் பார்த்துவிட வேண்டும். அந்த விடையின் மையத்தில் இருக்கும் மூளைப்பொருளான டோபமைனின் கதை அவற்றின் வழியாகத்தான் தொடங்குகிறது.

முதலாவது சர்ப்பகந்தி. மலையாளத்தில் அமல்பொரி, தமிழில் சிவனமல்பொடி என்றும் சொல்வார்கள். இடுப்பளவுகூட உயராத சிறு செடி, சிவந்த காம்பில் வெள்ளைப் பூ, கசப்பான வேர். பித்தம் தலைக்கேறியவருக்கும் தூக்கமில்லாதவருக்கும் இந்த வேரை நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கொடுத்து வந்திருக்கிறார்கள். கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931-ல் இதைப் பைத்தியத்துக்கும் ரத்தக் கொதிப்புக்குமான மருந்தென்று மருத்துவ இதழில் எழுதினார்கள். பம்பாயின் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-ல் பிரிட்டனின் இதய மருத்துவ இதழில் தம் ரத்தக் கொதிப்பு நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்ட பிறகுதான் மேலைநாடுகள் திரும்பிப் பார்த்தன. 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் வேரிலிருந்து ரிசர்பைனைப் பிரித்தெடுத்தது. இரண்டு வருஷத்தில் நியூயார்க்கின் நேதன் கிளைன் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்து முடிவுகளை எழுதினார். அதற்குப் பிறகு வேருக்குக் கிராக்கி ஏறி, காடுகளில் செடி அருகிப்போனது. 1990-லிருந்து சர்ப்பகந்தி அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கிறது.

இரண்டாவது பூனைக்காலி. மலையாளிகளுக்கு நாய்க்குரண. வேலியில் படரும் கொடி. கருநீலப் பூங்கொத்து தொங்கும். காய் சற்று வளைந்து, பொன்னிறச் சுணை மூடியிருக்கும். சுணை மேலே பட்டால் அரிப்பு உயிரை எடுக்கும். அந்த நுண்மயிர் தோலுக்குள் குத்தி, புரதத்தைச் சிதைக்கும் ஒரு நொதியை இறக்கிவிடுகிறது; தேய்க்கத் தேய்க்க மயிர் இன்னும் உள்ளே போகும். காட்டு வேலைக்குப் போகிறவர்கள் அந்தப் பக்கமே ஒதுங்க மாட்டார்கள். உள்ளே இருக்கும் விதையோ பளபளப்பானது, சத்தானது. அகத்தியமலைக் காணிக்காரர்கள் அதைப் பலமுறை தண்ணீர் மாற்றி வேகவைத்துத்தான் சாப்பிடுவார்கள். ஒவ்வொரு முறை கொட்டும் தண்ணீரிலும் விதையில் இருக்கும் ஒரு பொருள் கரைந்து வெளியேறுகிறது. அந்தப் பொருள் எது என்பதை 1937-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரனும் ராமசாமியும் பிரித்தெடுத்துச் சொன்னார்கள்: எல்-டோபா. பிரிட்டனின் உயிர்வேதியியல் இதழில் அந்தக் கட்டுரை வந்தது. விதையின் எடையில் நூற்றுக்கு நான்கைந்து பங்கு வரை இந்தப் பொருள் இருக்கும். ஒரு செடிக்கு இது மிகப் பெரிய அளவு.

சென்னைக்காரர்கள் அதைப் பிரித்தபோது, டோபா மனித உடம்பில் எதற்கு என்று யாருக்கும் தெரியாது. அடுத்த வருஷமே ஜெர்மனியில் பீட்டர் ஹோல்ட்ஸ், டோபாவை டோபமைனாக மாற்றும் நொதி உடம்பிலேயே இருப்பதைக் கண்டார். அதன் பிறகும் டோபமைனை வெறும் இடைப்பொருளாகத்தான் பார்த்தார்கள். வேறெதையோ தயாரிக்கும் வழியில் உண்டாகிற சரக்கு, அவ்வளவுதான்.

1957-ல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஆர்விட் கார்ல்சன் இந்த இரண்டு பொருள்களையும் ஒரே முயலுக்குக் கொடுத்தார். முதலில் ரிசர்பைன். முயலின் காது தொங்கிவிட்டது; உட்கார்ந்த இடத்திலேயே அசையாமல் கிடந்தது. பிறகு டோபா. சிறிது நேரத்தில் முயல் எழுந்து நடமாடத் தொடங்கியது. நரம்பணுக்கள் டோபமைனைச் சின்னச் சின்னப் பைகளில் சேமித்து வைக்கின்றன. ரிசர்பைன் அந்தப் பைகளுக்குள் சரக்கை ஏற்றும் பாதையை அடைத்துவிடும், மிஞ்சியது சிதைந்துபோகும், கையிருப்பு காலி. டோபா கொடுத்ததும் மூளை புதிதாக டோபமைன் செய்துகொண்டது. டோபமைன் தனி வேலை செய்யும் தூதுப்பொருள் என்பது இதன் பிறகுதான் நிலைபெற்றது. கார்ல்சனுக்கு 2000-ல் நோபல் பரிசு கிடைத்தது. வியன்னாவின் ஹார்னிகேவிச், பார்க்கின்சன் நோயில் இறந்தவர்களின் மூளையில் டோபமைன் வற்றிப்போயிருப்பதை 1960-ல் எரிங்கரோடு சேர்ந்து காட்டினார். அடுத்த வருஷம் பிர்க்மயரோடு சேர்ந்து நோயாளிகளுக்கு எல்-டோபா ஊசி போட்டார். படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். பூனைக்காலி விதையில் இருக்கும் அதே பொருள்தான் இன்றைக்கும் பார்க்கின்சன் நோயின் முதன்மை மருந்து.

இவ்வளவு தெரிந்ததும் ஹாலோபெரிடால் பெரிய புதிராகிவிட்டது. அதுவும் ரிசர்பைன் போலவே ஆளை விறைக்க வைக்கிறது. ஆனால் மூளையின் டோபமைன் கையிருப்பு குறையவில்லை. கார்ல்சனும் லிண்ட்குவிஸ்டும் 1963-ல் எலிகளில் பார்த்தபோது, டோபமைன் வகைப் பொருள்களின் கழிவு கூடியிருந்தது. அணுக்கள் வழக்கத்தைவிட அதிகம் உற்பத்தி செய்கின்றன என்று அர்த்தம். மருத்துவர்களுக்குத் தெரிந்த இன்னொரு விஷயமும் இருந்தது. ரிசர்பைன் முயலை எழுப்பிய டோபா, ஹாலோபெரிடால் விறைப்புக்குக் கேட்பதில்லை. சரக்கு இருக்கிறது, இன்னும் கொட்டினாலும் பயனில்லை. அப்படியானால் அடைப்பு சரக்கை வாங்கிக்கொள்ளும் இடத்தில் இருக்க வேண்டும். அடுத்த நரம்பணுவின் மேல் டோபமைன் வந்து உட்காரும் ஏற்பியை இந்த மருந்து பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். நல்ல அனுமானம். ஆனால் அந்த ஏற்பியை அதுவரை யாரும் அளந்ததில்லை.

சீமன் 1934-ல் கனடாவின் வின்னிபெக்கில் பிறந்தார். மெக்கில் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார், நியூயார்க்கின் ராக்ஃபெல்லரில் 1966-ல் முனைவர் பட்டம் வாங்கினார். மனைவி மேரி சீமன் மனநல மருத்துவர்; மனச்சிதைவு நோயாளிகளோடு வாழ்நாள் முழுக்க வேலை செய்தவர். இந்த மருந்துகள் மூளையில் எங்கே போய் உட்காருகின்றன என்று கேட்டுக்கொண்டே இருக்க சீமனுக்கு வீட்டிலேயே காரணம் இருந்தது.

தொடக்கத்தில் அவர் போன வழி அவரை அங்கே கொண்டுசேர்க்கவில்லை. மனநோய் மருந்துகள் அணுக்களின் சவ்வில் என்ன செய்கின்றன என்று ரத்தச் சிவப்பணுக்களை வைத்து ஆண்டுக்கணக்கில் பார்த்தார். மருந்து சேர்த்தால் நீர்த்த உப்புநீரிலும் சிவப்பணு உடையாமல் தாக்குப்பிடித்தது. மயக்க மருந்துகளும் அப்படியே செய்தன. 1972-ல் இதைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரை அந்தத் துறையில் பலரும் மேற்கோள் காட்டும் ஒன்றானது. ஆனால் அந்தச் சோதனைகளுக்குத் தேவைப்பட்ட மருந்தின் செறிவு மிக அதிகம். நன்றாகத் தேறிவரும் நோயாளியின் ரத்த நீரில் ஹாலோபெரிடால் கட்டற்று இருக்கும் அளவு ஓரிரண்டு நானோமோலார்தான். ஒரு லிட்டரில் ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவு. ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குகூட இல்லை. சவ்வைப் பாதிக்க இதைப்போல ஆயிரம் மடங்கு வேண்டும். நோயாளியின் உடம்பில் இல்லாத அளவில் நடக்கும் விளைவு நோயாளியைக் குணமாக்குவதாக இருக்க முடியாது. மருந்தியலில் இவ்வளவு எளிய, இவ்வளவு கறாரான தர்க்கம் அபூர்வம். சீமன் அதைத் தன் சோதனைகளுக்கே பொருத்திப் பார்த்தார். நானோமோலார் அளவிலேயே மருந்தைப் பிடித்துக்கொள்ளும் இடம் எது என்று தேடத் தொடங்கினார்.

அதற்குக் கதிரியக்கம் ஏற்றிய ஹாலோபெரிடால் வேண்டும். அதுவும் மிக வலுவாக ஏற்றியது. ஜான்செனின் உதவியோடு அது பெல்ஜியத்தில் தயாரானது. சோதனை மேசையில் நடந்தது இதுதான். கன்றுக்குட்டியின் மூளையில் டோபமைன் நிறைந்த வால்வடிவப் பகுதியை அரைத்துக் கூழாக்குவார்கள். அந்தக் கூழை ஒவ்வொரு சோதனைக்குழாயிலும் கொஞ்சம் விட்டு, கதிரியக்க ஹாலோபெரிடாலைத் துளித்துளியாகச் சேர்ப்பார்கள். சிறிது நேரம் விட்டு, கண்ணாடி இழை வடிதாள் வழியாக உறிஞ்சிக் கழுவுவார்கள். எதிலும் ஒட்டாத மருந்து தண்ணீரோடு போய்விடும். திசுவைப் பிடித்தது மட்டும் வடிதாளில் தங்கும். தங்கியதன் கதிரியக்கத்தை ஒரு கருவி எண்ணும்.

இங்கே ஒரு பெரிய தொல்லை. ஹாலோபெரிடால் கொழுப்பில் ஒட்டும், புரதத்தில் ஒட்டும், வடிதாளிலும் ஒட்டும். எண்ணியதில் ஏற்பியின் பங்கு எவ்வளவு என்று எப்படிச் சொல்வது? மொன்ட்ரியலின் ஐயர்ஸ்ட் நிறுவனம் செய்திருந்த பியூட்டாக்ளமால் என்ற மருந்து அதைத் தீர்த்துவைத்தது. அதன் மூலக்கூறு இடக்கை வலக்கைபோல ஒன்றுக்கொன்று பிம்பமான இரண்டு வடிவங்களில் இருக்கும். கொழுப்புக்கும் வடிதாளுக்கும் இரண்டும் ஒன்றுதான். ஆனால் விலங்குகளில் ஒரு வடிவம் மட்டுமே மருந்தாக வேலை செய்தது. குழாயில் வலுவான வடிவத்தைச் சேர்த்தால் எண்ணிக்கை எவ்வளவு குறைகிறது, வலுவற்ற வடிவத்தைச் சேர்த்தால் எவ்வளவு குறைகிறது என்று பார்த்தார்கள். இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசம்தான் ஏற்பி. 1975-ல் சீமனின் குழு இதை வெளியிட்டது.

மறு வருஷம் நேச்சர் இதழில் வந்த வரைபடம் இன்றும் மருந்தியல் பாடநூல்களில் இருக்கிறது. ஓர் அச்சில், ஒவ்வொரு மருந்தும் ஏற்பியைப் பிடிக்க எவ்வளவு செறிவு தேவை. மற்றதில், அந்த மருந்தை டாக்டர்கள் ஒரு நாளைக்கு எத்தனை மில்லிகிராம் கொடுக்கிறார்கள். குளோர்புரோமசின் நூற்றுக்கணக்கான மில்லிகிராம் கொடுக்கப்படுகிறது. ஹாலோபெரிடால் சில மில்லிகிராம். ஸ்பைபெரோன் அதற்கும் கீழே. வேதியியல் அமைப்பில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இருபதுக்கும் மேற்பட்ட மருந்துகளின் புள்ளிகள் ஒரே நேர்கோட்டை ஒட்டி விழுந்தன. பல நாட்டு டாக்டர்கள் பட்டறிவால் கண்டுகொண்ட அளவுகளும், அரைத்த கன்றுமூளையில் கிடைத்த எண்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின. அதே 1976-ல் பால்டிமோரில் சாலமன் ஸ்னைடரின் ஆய்வகமும் தனியாக இதையே கண்டது. 1979-ல் கெபாபியனும் கால்னேவும் டோபமைன் ஏற்பிகளை டி1, டி2 என்று இரண்டு வகையாகப் பிரித்தபோது, இந்த மருந்துகளின் இலக்கு டி2 என்று பெயர் பெற்றது. 1988-ல் ஓரிகனில் அதன் மரபணு பிரித்தெடுக்கப்பட்டது.

சீமனின் எல்லாத் தேடலும் இப்படிக் கைகூடவில்லை. டி4 ஏற்பியின் மரபணுவை 1991-ல் வான் டோலோடு சேர்ந்து பிரித்தெடுத்தார். குளோசபின் என்ற மனநோய் மருந்து அதை டி2-ஐவிட இறுக்கமாகப் பிடித்தது. மனச்சிதைவு நோயாளிகளின் மூளையில் டி4 ஆறு மடங்கு இருப்பதாக 1993-ல் அவர் குழு எழுதியது. மற்ற ஆய்வகங்களால் அதை உறுதிசெய்ய முடியவில்லை. டி4-ஐ மட்டும் தடுக்கும் மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், பலனில்லை. சீமன் டி2-க்கே திரும்பினார். 2021 ஜனவரியில் இறக்கும்வரை அந்த ஏற்பியை அவர் விடவில்லை. தவறிப்போன கருதுகோளைக் கடந்து, வலுவான சான்று இருக்கும் இடத்துக்கு வந்து உழைத்துக்கொண்டே இருந்ததை அவருடைய பெரிய குணமாக நினைக்கிறேன்.

இப்போது அந்தப் பையனின் கைக்கு வருவோம். டி2 ஏற்பி மூளையின் ஒரே மூலையில் இருப்பதில்லை. அசைவை ஒழுங்குபடுத்தும் பகுதியிலும் இருக்கிறது. எது முக்கியம், எது பயப்பட வேண்டியது என்று நிறமேற்றும் பாதைகளிலும் இருக்கிறது. மாத்திரைக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆகவே எத்தனை சதவீத ஏற்பிகளை மருந்து பிடித்திருக்கிறது என்பதே முக்கியமான கேள்வி. அதை உயிருள்ள மனிதரின் மூளையில் அளக்கப் பெட் ஸ்கேன் வழி செய்தது. டெல்லி எய்ம்ஸில் படித்து டொரான்டோ போய், பிற்பாடு லண்டன் கிங்ஸ் கல்லூரியின் தலைவரான ஷிதிஜ் கபூர் 2000-ல் வெளியிட்ட ஆய்வை நான் எல்லா மருத்துவ மாணவர்களுக்கும் சொல்வேன். முதல்முறை நோய் கண்ட 22 பேருக்கு நாளுக்கு 1 அல்லது 2.5 மில்லிகிராம் ஹாலோபெரிடால் மட்டும் கொடுத்து ஸ்கேன் எடுத்தார்கள். ஏற்பிகளில் 65 சதவீதத்தைப் பிடித்தால் நோய் தணியும் வாய்ப்பு கூடியது. 78 சதவீதத்தைத் தாண்டியவர்களுக்கு விறைப்பு முதலான தொல்லைகள் வந்தன. இடைவெளி பதின்மூன்று சதவீதம். அதற்கு முன்பு கபூர் பார்த்த இன்னொரு சிறு ஆய்வில், நாளுக்கு 2 மில்லிகிராமே 53 முதல் 74 சதவீத ஏற்பிகளைப் பிடித்திருந்தது. ஒரு காலத்தில் உலகம் முழுக்கப் பத்து, இருபது மில்லிகிராம் தாராளமாகக் கொடுக்கப்பட்டது. கூடுதல் மில்லிகிராம்கள் சத்தத்தை மேலும் குறைத்ததைவிட அதிகமாகக் கையைத்தான் விறைக்க வைத்தன.

“நாங்களே நிறுத்திப் போட்டோம்” என்ற வாக்கியம் என்னை வருத்துவது இதனால்தான். நிறுத்தினால் ஏற்பிகள் எல்லாம் விடுபடும். விறைப்பு போகும், சில வாரத்திலோ மாதத்திலோ சத்தம் திரும்பும். அந்தக் குடும்பம் மருந்தே ஆகாது என்று முடிவு செய்துவிடும். உண்மையில் ஆகாதது பெரும்பாலும் அளவு. அளவைக் குறைத்தும் விறைப்பு போகாவிட்டால் மருந்தை மாற்றலாம். குளோசபினும் க்யூட்டியாபினும் டி2-ஐத் தளர்வாகப் பிடித்துச் சீக்கிரம் விட்டுவிடுகின்றன, அதனால்தான் விறைப்பு குறைவு என்று கபூரும் சீமனும் 2001-ல் சேர்ந்து ஒரு கருத்தை முன்வைத்தார்கள். குளோசபினுக்கு அதற்கே உரிய ஆபத்து உண்டு. வெள்ளணு எண்ணிக்கையை ரத்தப் பரிசோதனையில் விடாமல் பார்க்க வேண்டும்.

விறைப்புக்கு டாக்டர்கள் சேர்த்துக் கொடுக்கும் டிரைஹெக்ஸிபெனிடில் டோபமைனைத் தொடுவதில்லை. அதற்கு எதிர்த்தட்டில் இருக்கும் அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுத்துச் சமன் செய்கிறது. எல்-டோபா இருந்தாலும் பூனைக்காலி இங்கே உதவாது. அதன் சூரணமும் லேகியமும் ஆண்மைக்கும் தெம்புக்கும் என்று எல்லையின் இருபுறமும் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. ஹாலோபெரிடால் சாப்பிடுகிறவர் அதைச் சாப்பிட்டால், அடைபட்ட ஏற்பியின் முன்னால் மேலும் டோபமைன் சேரும். கை இளகாது, அடங்கியிருந்த குழப்பம் கிளம்பிவிடக்கூடும். பூனைக்காலி சாப்பிடுகிறாரா என்று டாக்டர்கள் பெரும்பாலும் கேட்பதில்லை, குடும்பமும் அதை மருந்தாக நினைக்காததால் சொல்வதில்லை. சொல்லிவிடுவது நல்லது.

டி2-ஐத் தொடாமலே மனச்சிதைவைத் தணிக்கும் முதல் மருந்துக்கு, சனோமெலினும் ட்ராஸ்பியமும் சேர்ந்த கூட்டுக்கு, 2024 செப்டம்பரில் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. அது அசிட்டைல்கோலின் ஏற்பிகள் வழியாக வேலை செய்கிறது. உடுமலைப்பேட்டை மருந்துக்கடையில் இன்று கிடைப்பதோ ஹாலோபெரிடால், ஒன்றரை, ஐந்து, பத்து மில்லிகிராம் மாத்திரைகளாக. அடுத்த முறை போகும்போது மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோய், எந்த மாத்திரை தொடங்கி எத்தனை நாளில் கை விறைத்தது என்று சொல்லி, இதையே குறைத்துக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டாலோ கண் மேலே சொருகிக்கொண்டாலோ அடுத்த தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்; பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போங்கள். ப்ரோமெதசின் ஊசி ஒன்று போட்டால் பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் இழுப்பு விட்டுவிடும்.